ஊரில் தங்கும் ஆய்வு
நீண்டகால நோய்த்தடுப்பு ஆய்வுகளில் சேர்வோரும் நிலைத்திருப்போரும்

(கூலிமில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட வடிவம்)



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. இந்த மேடையில் இலக்கியமும் கல்வியும்தான் அதிகம் பேசப்பட்டிருக்கின்றன. இந்த ஆண்டு மருத்துவ ஆய்வைப் பற்றிப் பேச இடம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கான தேவை இந்த மண்டபத்துக்குள்ளேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. இங்கே வரிசையாக அமர்ந்திருப்பவர்களில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையை மாற்ற, எந்த மருந்து, எந்த உணவு, எந்தப் பழக்கம் உண்மையிலேயே நோயைத் தடுக்கிறது என்று தெரிய வேண்டும். இன்னும் நோய் வராதவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால்தான் அது தெரியவரும். அத்தகைய ஆய்வுகளை நடத்துவோரிடம் ஒரு குறை அடிக்கடி கேட்கிறேன்: “தோட்டத்து ஆளுங்க வரமாட்டாங்க. வந்தாலும் நிலைச்சு நிக்கமாட்டாங்க.” இந்தக் குறையை நான் ஏற்கவில்லை. ஆய்வு மக்களோடு தங்கியிருக்கும் இடத்தில் மக்களும் ஆய்வோடு தங்கியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூடத் தங்கியிருக்கிறார்கள். மக்கள் விலகிப்போன இடங்களில் பெரும்பாலும் ஆய்வுதான் முதலில் அவர்களை விட்டு விலகியிருக்கிறது. இதை ஏழு கருத்துகளாக விளக்குகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கப் போவதில்லை.

1. நோயில்லாதவரிடம் நாம் கேட்பது

நோயாளி ஒருவர் புதிய மருந்து ஆய்வில் சேரும்போது தனக்கு வரக்கூடிய நன்மை அவருக்குத் தெரிகிறது. வலி குறையலாம், ஆயுள் நீளலாம். நோய்த்தடுப்பு ஆய்வில் அப்படி ஒன்றைக் காட்ட முடியாது. நன்றாக இருப்பவரைக் கூப்பிட்டு, குலுக்கல் முறையில் தடுப்பு மருந்தோ வெற்று மருந்தோ கொடுக்கிறோம். எது கிடைத்தது என்று அவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் வரச் சொல்கிறோம், இரத்தம் எடுக்கிறோம். கடைசியில் அவருக்கு எதுவும் நேராமல் இருப்பதுதான் வெற்றி.

இத்தனை பேர், இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டின் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நடந்த காசநோய்த் தடுப்பு ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதுவரை காசநோய்க் கிருமி தொற்றாதவர்கள் என்று கணக்கிடப்பட்ட 1,09,873 பேரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அந்தக் காலம் முழுவதிலும் அவர்களில் உறுதியாக நோய் கண்டவர்கள் 560 பேர். இருநூறு பேருக்கு ஒருவர் என்று வருகிறது. அந்த ஒருவர் ஊசி போட்டவரா, வெற்று ஊசி போட்டவரா என்பதில்தான் ஆய்வின் விடை இருக்கிறது. நூற்றுக்கு ஐந்து பேர் வழியில் காணாமல் போயிருந்தால் அது ஏறத்தாழ 5,500 பேர், அதாவது நோய் கண்டவர்களைப் போல் பத்து மடங்கு. அந்த 5,500 பேருக்குள் எத்தனை நோயாளிகள் மறைந்திருப்பார்கள்?

காணாமல் போகிறவர்கள் எல்லாரையும் போன்றவர்களும் அல்லர். வேலை தேடி ஊர் மாறியவர்கள், குடும்பம் சிதைந்தவர்கள், நோய் முற்றி வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர்கள் அவர்களில் அதிகம். அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் முடிவு வசதியாக வாழ்பவர்களின் உடலைப் பற்றியதாக மட்டும் இருக்கும். தோட்டத் தமிழருக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. நாம் இல்லாத ஆய்வில் கண்டுபிடித்த தடுப்பு முறை நம் உடலுக்கும் வாழ்க்கைக்கும் பொருந்துமா என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

2. மறுக்க முடிந்தவரே சேர முடியும்

இந்த நாட்டின் மருத்துவ வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் ஓர் ஆய்வு நடத்தினார். பெரிபெரி நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. விடுதியில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே போனார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கூடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்குப் பக்கம். அவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. வெள்ளை அரிசிக் கூடத்தில் பெரிபெரி பரவியது, பலர் இறந்தார்கள். புழுங்கலரிசிக் கூடத்தில் புதிதாக எவருக்கும் அந்நோய் வரவில்லை.

புழுங்கலரிசி உண்ணும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்நோய் அரிதாகவே வருகிறது என்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் ஏற்கெனவே கவனித்து எழுதியிருந்தார். 1907இல் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபுவில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதையே மீண்டும் சோதித்து உறுதிசெய்தார்கள். பின்னாளில் வைட்டமின் என்று உலகம் அறிந்துகொண்டதற்கான பாதையில் நம் முன்னோரின் சோற்றுப்பானையும் இருக்கிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அந்த விடுதியில் யாரும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. எவரும் விலகிப்போகவுமில்லை, கதவு பூட்டியிருந்ததால். தோட்டத்திலும் நிலைமை வெகுவாக மாறுபட்டிருக்கவில்லை. விடியற்காலைப் பெரட்டில் (ஆள்கணக்கெடுப்பில்) நிற்க வைத்து, டிரெசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) முன்னால் குவினைனை விழுங்க வைத்த கதையை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1930களில் பன்னாட்டுச் சங்கத்தின் (League of Nations) மலேரியாக் குழுவுக்காக மலாயாத் தோட்டங்களில் குவினைனையும் அட்டெப்ரினையும் ஒப்பிட்டு ஆய்வுகள் நடந்தன. மலேரியாவால் பிணங்கள் விழுந்த காலம் அது, மருந்து தேவைப்பட்டது உண்மை. வீடு, சம்பளம், அரிசி, ஆஸ்பத்திரி எல்லாமே ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது, ‘எனக்கு வேண்டாம் துரை’ என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

இது பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் செயல்விளக்கத் திட்டம் தொடங்கியது. கம்மத்தில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதிப் பள்ளிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்தபின் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் ஒப்புதல் படிவங்களைப் பார்த்தபோது ஆந்திரத்தில் மட்டும் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பெற்றோரைக் கேட்கவே இல்லை. ஒரு மரணத்துக்குக் காரணம் வேறு என்று டாக்டர் சொன்னால் அதை நம்புவதற்கு முன்பே ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கை உருவாக வேண்டிய இடம் கையெழுத்து வாங்கும் மேசை. அங்கே காப்பாளரை உட்கார வைத்துவிட்டார்கள்.

நம் ஊரிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. தோட்ட நிர்வாகியைப் பார், கோயில் தலைவரைப் பார், கட்சிக் கிளைத் தலைவரைப் பார், அவர் சொன்னால் ஐம்பது பேர் வந்துவிடுவார்கள். வருவார்கள். ஐம்பது பேரும் தலைவருக்காக வந்தவர்கள், இரண்டாம் முறைக்குத் தலைவர் கூப்பிட்டால்தான் வருவார்கள், மூன்றாம் முறைக்குத் தலைவருக்கே சலிப்பு வந்துவிடும். தலைவர்கள் கதவைத் திறந்து கொடுக்கட்டும், அது பெரிய உதவி. கையெழுத்துப் போடும் இடத்தில் அவர்கள் இருக்கக் கூடாது. படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வர நாள் கொடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதைச் சடங்காக நடத்தாமல் உண்மையாகவே நடத்த வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொன்னவருக்கு அதே கிளினிக்கில் அதே மரியாதையோடு வைத்தியம் கிடைப்பதை அக்கம்பக்கத்தார் கண்ணால் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு நிற்கப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

3. செங்கற்பட்டு

முன்பு சொன்ன செங்கற்பட்டு ஆய்வைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தமிழ்க் கிராமத்து மக்கள் இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு நீண்ட காலம் ஓர் ஆய்வோடு இருந்தது அதுவரை நடந்ததில்லை. 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. திருவள்ளூர் வட்டாரத்தில் 209 பஞ்சாயத்துகளும் ஒரு நகரப் பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 3,60,000 மக்கள். பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று தீர்த்துவைப்பதே நோக்கம். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடையே அது நல்ல பலன் தந்திருந்தது, அமெரிக்காவின் தென்பகுதியில் பலனே இல்லை. இரண்டு வகை ஊசி மருந்துகள், இரண்டு அளவுகள், ஒரு வெற்று ஊசி என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2,81,161 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். கைக்குழந்தை முதல் முதியவர் வரை.

அதற்குப் பின் வந்ததுதான் பெரிய வேலை. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை முழு வட்டாரத்தையும் மறுபடி சுற்றினார்கள். எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனார்கள். சந்தேகம் தோன்றியவர்களின் சளியை வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார்கள், அவர்களை மட்டும் இடையிடையே மீண்டும் போய்ப் பார்த்தார்கள். தொலைபேசி இல்லாத காலம். தமிழ்க் கிராமத்தில் இப்படிக் கணக்கெடுப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருப்பாள், அவள் பெயர் புகுந்த வீட்டுப் பதிவேட்டில் இருக்கும். நடவுக் காலத்தில் வீட்டில் கிழவியும் குழந்தையும் மட்டுமே இருப்பார்கள். ஒரே தெருவில் நான்கு முனுசாமிகள் இருப்பார்கள், எந்த முனுசாமிக்கு எந்த ஊசி என்பதில் பிசகு வரக் கூடாது. அதனால் ஆள் ஆளாக அல்லாமல் வீடு வீடாகக் கணக்கு வைத்து, அந்த வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போனார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஒரு முன்னோடி சென்னையிலேயே இருந்தது. 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸின் தலைமையில், நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு அவர்களின் நெரிசலான வீடுகளிலும் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டது. 193 நோயாளிகள். முடிவு 1959இல் வெளிவந்தது, வீட்டுச் சிகிச்சை சற்றும் சளைத்ததல்ல என்று. உடன் வாழ்ந்த குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் கவனித்தபோது, வீட்டில் நோயாளியை வைத்திருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதும் தெரிந்தது. நம் தலைப்புக்கு முக்கியமானது வேறொன்று. மருத்துவர் சொல்லையும் மீறிச் சிகிச்சையை விட்டு வெளியேறியவர்கள் சானடோரியப் பிரிவில்தான் அதிகம். நல்ல சாப்பாடும் படுக்கையும் செவிலியரும் இருந்த இடத்தை விட்டு ஓடினார்கள். வறுமையான வீட்டில், கதவைத் தட்டி வந்து விசாரிக்கும் ஊழியரின் கண்முன்னே நிலைத்தார்கள்.

செங்கற்பட்டின் முடிவு ஏமாற்றமாக வந்தது. ஏழரை ஆண்டுத் தகவல்களோடு முதல் அறிக்கை 1979இல் வெளியானபோது, நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்தாம் ஆண்டின் கணக்கு 1999இல் வெளிவந்தது. பெரியவர்களுக்குப் பலன் இல்லை. குழந்தைகளுக்கு 27 விழுக்காடு என்ற சிறிய தடுப்பு தென்பட்டாலும் அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊசி தோற்றது, ஆய்வு தோற்கவில்லை. அந்த மக்கள் பாதியில் போயிருந்தால், ‘சரியாகப் பின்தொடராததால் விடை தெரியவில்லை’ என்று எழுதி மூடியிருப்பார்கள். இன்று புதிய காசநோய்த் தடுப்பூசிகளை உலகம் தேடுவதற்கு அடிப்படையாக இருக்கும் உறுதியான சான்றுகளில் ஒன்று திருவள்ளூர் வட்டாரத்துக் குடியானவர்களும் கூலித் தொழிலாளர்களும் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே வண்டியில் ஏறி நின்றதால் கிடைத்தது. தமிழகம் அந்த உழைப்பை அத்தோடு விட்டுவிடவில்லை. 1991 முதல் 1993 வரை தென்னிந்தியாவில் நடந்த தொழுநோய்த் தடுப்பூசி ஒப்பீட்டில் 1,71,400 பேர் விரும்பிச் சேர்ந்தார்கள். ‘நம் ஆளுங்க நிக்கமாட்டாங்க’ என்பவர்களுக்கு 2,81,161, 1,71,400 என்ற இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

4. ஐசியில் இருக்கும் முகவரி

இப்போது நம் கூலிமுக்கு வருகிறேன். செங்கற்பட்டின் வழி இங்கே அப்படியே செல்லாது. அங்கே வீடு அசையாமல் இருந்தது. இங்கே வீடே போய்விட்டது.

கூலிம், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் ரப்பர் செம்பனையானது, செம்பனை தாமான் குடியிருப்பானது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயங்களில் நான்கு தலைமுறை சேர்ந்து வாழ்ந்தவர்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்ககங்களுக்கும் சிதறினார்கள். சிலர் சுங்கை பட்டாணிக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் பிறைக்கும் போனார்கள். பலருடைய ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னும் பழைய தோட்டத்து முகவரிதான் இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமும் நிற்கின்றன. ஆய்வு ஊழியர் ஒருவர் பெயர்ப்பட்டியலும் கையுமாக அங்கே போய் யாரிடம் கேட்பார்? கைப்பேசி எண்ணோ, காசு போடாவிட்டால் ஆறு மாதத்தில் மாறிவிடுகிறது.

வேலை நேரமும் மாறிவிட்டது. பால் வெட்டியவர்கள் மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பார்கள், தேடிப் போனால் பார்க்கலாம். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டு. இனிப்பு நீர்ப் பரிசோதனை முகாம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். காலை எட்டேகால் மணிக்கு ஒரு பெண் வந்தார். இரவு ஷிப்டு முடிந்து பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். நீலக் கம்பெனிச் சட்டை, கழுத்தில் பெயரட்டை, காலில் வெள்ளைக் காலுறையோடு ரப்பர் செருப்பு. “கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?” என்று தாதி கேட்டார். “நாலு மணிக்கு மீ சாப்பிட்டேன் மிஸ்ஸி, பசி தாங்கல.” எட்டு மணிநேரம் வெறும் வயிற்றோடு வந்தால்தான் இரத்தம் எடுக்க முடியும், பிறகு சர்க்கரைத் தண்ணீர் குடித்து இரண்டு மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்று தாதி விளக்கினார். இன்னொரு நாள் வரச் சொன்னார். அந்தப் பெண் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதப்பட்டதை நான் பார்த்தேன். இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு, தூக்கத்தையும் விட்டு, தானாக நடந்து வந்தவர் அவர். வெறும் வயிறு தேவைப்படாத எச்.பி.ஏ.1.சி. சோதனை இருக்கிறது. மாலை நேர முகாம் வைக்கலாம், ஷிப்டு மாறும் வாரத்தில் நாள் குறிக்கலாம். செய்யவில்லை.

ஆய்வு எங்கே போய் ஆள் சேர்க்கிறதோ அதைப் பொறுத்தே யார் சேர்கிறார்கள் என்பதும் அமைகிறது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நமக்கு மிக முக்கியமானது. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் நம்மவர் உடலிலும் இனிப்பு நீரைத் தள்ளிப்போடும் என்று அது காட்டியது. மூன்றாண்டில் ஒப்பீட்டுப் பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்ட பிரிவில் 39.3 விழுக்காட்டினருக்கு. ஆனால் அலுவலகங்களிலும் பணியிடங்களிலும் ஆள் சேர்த்ததால் 531 பேரில் பெண்கள் 110 பேர்தான். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் நடந்த ஆய்வு வேறு வழியில் போனது. வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அதற்குள்ளிருந்தே ஒருவர் முன்னின்றார். சேர்ந்த 1,007 பேரில் 95 விழுக்காட்டுக்கும் மேலானோர் இரண்டாண்டு முடிவிலும் இருந்தார்கள். நோயைத் தடுப்பதில் அது உறுதியான பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆள் நிலைப்பது வேறு, சிகிச்சை பலிப்பது வேறு. முதலாவது இல்லாமல் இரண்டாவதைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது.

மலேசியாவிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 சமூகங்களில் 1,371 பேரிடையே நடந்த இரத்த அழுத்த ஆய்வு 2019இல் வெளியானது. மருத்துவர் அல்லாத சுகாதார ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் குடும்பத்திலோ நட்பிலோ துணையாள் ஒருவர் இருந்தார், மருந்து, உணவு, அடுத்த சந்திப்பு எல்லாவற்றையும் நினைவூட்ட. ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்களில் 97 விழுக்காட்டினரின் தகவல் கையில் இருந்தது.

கூலிமுக்கு என் யோசனை இதிலிருந்து வருகிறது. ஐசி முகவரியை நம்பாதீர்கள். சேரும் அன்றே, அவர் சம்மதத்தோடு, அவரை எப்போதும் அறிந்திருக்கக்கூடிய மூன்று பேரின் பெயரை வாங்குங்கள்: ஓர் அக்கா, ஒரு பழைய லயத்து அண்டைவீட்டார், குலதெய்வக் கோயிலுக்கு ஒழுங்காக வரும் ஒருவர். தோட்டம் போனாலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் வருகிறார்கள். சிதறிப்போன ஒரு தோட்டத்தின் ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடும் நாள் அது. அங்கே ஊசி போட வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம். புது முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டு, சௌக்கியம் விசாரித்தால் போதும்.

5. மருந்து வராத நாள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் உரிய மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுத்தால் மாரடைப்பைத் தடுக்கலாமா என்று ஒன்பது நாடுகளில் 5,713 பேரிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ பாதிப் பேர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள், மலேசியாவும் அந்த ஒன்பது நாடுகளில் ஒன்று. சராசரியாக 4.6 ஆண்டுகள். 2020 நவம்பரில் முடிவு வெளியானது. ஆண்டு ஏற ஏற மாத்திரையை நிறுத்தியவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஆய்வாளர்களே அதற்குச் சொன்ன முக்கியக் காரணங்கள் இரண்டு: மாத்திரை அனுப்புவதில் ஏற்பட்ட தாமதம், கடைசிக் கட்டத்தில் கொரோனா. அப்படியிருந்தும் பலன் தெரிந்தது. மாத்திரை தடையில்லாமல் வந்திருந்தால் இன்னும் எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும்! மூன்று முறை பஸ் ஏறிவந்து ‘இன்னும் மருந்து வரல’ என்று கேட்டுத் திரும்பியவர் நான்காம் முறை வராவிட்டால், விலகியது அவரா?

6. கடைசிவரை இருந்த பிள்ளைகள்

நீண்ட காலம் நிலைப்பது ஏன் உயிர் காக்கும் விஷயம் என்பதற்கு டிங்கித் தடுப்பூசியைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 2011இல் மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளில் இரண்டு முதல் பதினான்கு வயது வரையிலான 10,275 பிள்ளைகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று ஊசிகள், ஓராண்டுக்குள். இரண்டாண்டுக் கணக்கு 2014இல் வெளியானபோது டிங்கியை 56.5 விழுக்காடு தடுக்கிறது என்று வந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் மகிழ்ச்சியோடு முடிந்திருக்கும். அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததால், மூன்றாம் ஆண்டில் ஒன்று தெரிந்தது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஊசி போட்ட குழந்தைகள், போடாதவர்களைவிட அதிகமாக டிங்கியால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். முன்பு டிங்கி வந்திராத பிள்ளைக்கு இந்த ஊசி முதல் தொற்றைப் போல வேலை செய்து, அடுத்து வரும் உண்மையான தொற்றைக் கடுமையாக்குகிறது என்பது பின்னர் விளங்கியது. 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அதை அறிவித்தது. அதற்குள் பிலிப்பைன்ஸில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டுவிட்டது. அந்நாட்டுப் பெற்றோர் மற்றத் தடுப்பூசிகளையும் சந்தேகிக்கத் தொடங்கினார்கள்.

ஊசி போட்டு முடிந்தபின் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எதற்குப் போக வேண்டும் என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. அப்படி நினைக்காமல், காய்ச்சல் வந்த ஒவ்வொரு முறையும் ஆய்வுக்குழுவுக்குச் சொன்ன தாய்மார்கள்தான் இந்த ஆபத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள். அவர்களுள் நம் நாட்டுத் தாய்மாரும் உண்டு. அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. ஊசி போடாமல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் எண்ண முடியாது. இந்த மேடையிலிருந்து அந்தத் தாய்மாருக்கு என் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன்.

7. முடிவைக் கொண்டுவந்து கொடுத்தல்

சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் இனிப்பு நீர் வரும் நிலையில் இருந்த 577 பேரை வைத்து உணவு, உடற்பயிற்சி ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறாண்டில் தலையீடு முடிந்தது. தொடக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளின் கணக்கோடு 2019இல் வெளியான அறிக்கையில், அவர்களில் 94 விழுக்காட்டினரின் கதி என்னவென்று சொல்ல முடிந்தது. அந்த ஆறாண்டு முயற்சி இதய, இரத்தக்குழாய் நோய்களையும் கண்கோளாறையும் மரணத்தையும் குறைத்திருந்தது. நம் பல்கலைக்கழக ஆய்வுகளில் எத்தனை முப்பதாம் ஆண்டைப் பார்க்கும்? தேசியப் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கூட்டாய்வு 2006 முதல் 2012 வரை 35 முதல் 70 வயதுக்குள் 1,06,527 பேரைச் சேர்த்தது. மருந்து எதையும் சோதிக்காமல் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு அது. இந்நாட்டுக்கு அது பெருஞ்செல்வம். அதில் சேர்ந்த இந்தியர்கள் எவரேனும் இந்த அவையில் இருந்தால், மறுஅழைப்பு வரும்போது தயவுசெய்து போய் வாருங்கள். போகும்போது உங்களிடம் எடுத்ததிலிருந்து என்ன தெரிந்தது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பெரும்பாலான ஆய்வுகளில் மக்களுக்கு முடிவு சொல்லப்படுவதே இல்லை. ஆங்கில இதழில் கட்டுரை வெளிவருகிறது, ஆய்வாளர் பதவி உயர்கிறார், சேர்ந்தவருக்குத் தனக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மருந்தா என்பதுகூடத் தெரியாமல் போகிறது. அடுத்த ஆய்வுக்காக அதே தாமானுக்கு வேறொருவர் வரும்போது கதவு மூடுவதற்கு இதுவே காரணம். அறநெறிக் குழுவிடம் ஒப்புதல் கேட்கும்போதே, முடிவை எந்த மண்டபத்தில், எந்த மொழியில், யார் வந்து சொல்வார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அதற்கான செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். ஒப்பீட்டுப் பிரிவில் இருந்தவர்களுக்கு, பலன் உறுதியானதும் அதே தடுப்பு முறை இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் நாளில் இழக்கும் சம்பளத்தை ஈடு செய்ய வேண்டும். அது ஆசை காட்டுவதாகிவிடுமோ என்று தயங்குபவர்கள், நாள் சம்பளக்காரரின் ஒரு நாள் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இந்த அறக்கட்டளைக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கூலிம் வட்டாரத்தில் ஆள் சேர்க்க வரும் எந்தத் தடுப்பு ஆய்வும் முதலில் இங்கே வந்து பேசட்டும். யார் பணம் தருகிறார்கள், எத்தனை ஆண்டு, இடையில் எவருக்காவது உடல்நலக் கேடு வந்தால் யார் பொறுப்பு, ஷிப்டுக்காரர்களுக்கு எந்த நேரம், வீடு மாறியவரை எப்படித் தேடுவார்கள், முடிவை எப்போது கொண்டுவருவார்கள் என்று பொதுமக்கள் முன் கேளுங்கள். பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க கிளினிக்கில் வேலை செய்து ஓய்வு பெற்ற தாதியர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள், பழைய டிரெசர்கள் என்று இதைக் கேட்கத் தகுதியானவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள், இரண்டாம் வரிசையிலேயே நால்வரைப் பார்க்கிறேன். அவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்க இன்றே பெயர் கொடுக்கலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வாசலருகே உள்ள மேசையில் தாள் வைத்திருக்கிறார்கள்.